கதவைத் திறக்கப் போன உளவாளி

நேற்று தொலைக்காட்சியில் ஓர் உளவாளிப் படம். கதாநாயகன் மூடிய கதவை நெருங்கியதும் அம்மாவின் குரல் என் காதில் கேட்டது.

அறுபதுகளின் தொடக்கம் அது. அம்மா இலங்கை மலையகத்தில், கொட்டகலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தாள். படிக்கத் தெரியாது. ஈரக் கம்பளியை அடுப்பருகே காயவைத்தபடி, நான் வாசிக்கும் உளவாளி நாவலைக் கேட்பாள். மறுநாள் மலையில் மற்றப் பெண்களுக்கு அதை அப்படியே சொல்வாள்.

அந்த நாவல் படமாகி ஹட்டன் டவுன் தியேட்டருக்கு வந்தது. இருவரும் பஸ்ஸேறிப் போனோம். நாவலில் குள்ளமாக, அம்மைத் தழும்போடு இருந்த உளவாளி, திரையில் சிவப்பாக, உயரமாக வந்தான்.

"யாருடி இவன்? ஊரே திரும்பிப் பாக்குற மூஞ்சிய வச்சிக்கிட்டு எப்புடி ஒளிஞ்சு வேல பாப்பான்?" என்றாள் அம்மா.

ஆனாலும் அவன் கதவைத் திறக்கப் போனபோது எழுந்தே விட்டாள். "தம்பி, தெறக்காதீங்க. உள்ள ஒருத்தன் துப்பாக்கியோட நிக்கிறான்."

தியேட்டரே சிரித்தது. கதவு திறந்தது. உள்ளே யாருமில்லை. உளவாளியோடு கூடவே வந்த அவன் நண்பன்தான் பின்னாலிருந்து அவனைச் சுட்டான்.

"புத்தகத்துல இது இல்லயே," என்று அம்மா என் கையை இறுக்கினாள். முகமெல்லாம் பூரிப்பு.

மலையில் பெண்கள் எவ்வளவோ கேட்டும் அவள் படத்தின் கதையைச் சொல்லவில்லை. "நீங்களே வந்து பாருங்க," என்றாள்.

அடுத்த ஞாயிறு எட்டுப் பேர் எங்களோடு வந்தார்கள். அந்தக் கதவு திறந்தபோது அம்மா திரையைப் பார்க்கவில்லை. அவர்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.