அத்தை பறிக்காத மாதுளை

மாதுளம்பழத்தை உடைத்து முத்துகளைக் கிண்ணத்தில் உதிர்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் சிற்பக்கலை படிக்கும் என் மகள் செல்போனை நீட்டினாள். கையில் மாதுளையோடு ஒரு பெண் தெய்வத்தின் பழங்காலக் கற்சிலை.

"அந்தக் காலத்துலேயே இது புள்ள வரத்துக்கு அடையாளமாம்மா" என்றாள்.

அடையாளமாம். எனக்குச் சுருக்கென்றது.

நெரவியில் எங்கள் கொல்லையில் நின்ற மாதுளை செல்வி அத்தை வைத்தது. அத்தை அப்பாவின் தங்கை. குழந்தையில்லை என்று புகுந்த வீட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரையெல்லாம் சுமந்துபோய் அந்த மரத்துக்குத்தான் ஊற்றுவாள். அணில் கடிக்காமலிருக்க ஒவ்வொரு காய்க்கும் பழைய புடவைத் துணியைக் கட்டிவிடுவாள். தெருவில் எந்த வீட்டில் வளைகாப்பு என்றாலும் சீர்த்தட்டுக்கு எங்கள் வீட்டுப் பழம்தான். கேட்டு வருகிறவர்கள், "நீ தொடாத செல்வி, புள்ளையப் பறிக்கச் சொல்லு" என்பார்கள். அத்தை துணியைக்கூட அவிழ்க்காமல் ஒதுங்கி நிற்பாள். சிறுமியாக இருந்த நான்தான் பறிப்பேன்.

ஒருநாள் எதிர்வீட்டு அம்மாவிடம் அத்தை கேட்டேவிட்டாள். "பழம் ஆவுது, என் கை ஆவாதா? மரத்துக்குத் தண்ணி ஊத்துனது எந்தக் கையாம்?"

அந்த அம்மா வெட்கப்படவில்லை. தட்டு நிறையப் பழத்தோடு போனாள். வளைகாப்புக்கு அத்தையை அழைக்கவே இல்லை.

மகளிடமிருந்து போனை வாங்கி மறுபடி பார்த்தேன். அந்தத் தெய்வத்தின் மடியிலும் பிள்ளை இல்லை. ஆனால் அவள் கையிலிருந்த பழத்தை யாரும் பிடுங்கிக்கொண்டு போகவில்லை.