யின்ஹுவா கேட்ட கம்பித் தொலைபேசி

மெங் யின்ஹுவாவின் விடுதிக்கு மூன்று மாடி, பதினான்கு அறைகள். கீழே அரிசி நூடுல்ஸ் கடை. பதினைந்து வருஷத்துக்கு முன்பு இதே யின்ஹுவா மலைக் குழிக்குள் இருந்த பன்னிரண்டு வீட்டு ஊரில் சோளம் விதைத்துக்கொண்டிருந்தாள். உப்பு வாங்கக்கூட அரை நாள் நடக்க வேண்டும். அந்தக் குழியில்தான் அரசாங்கம் வானத்துச் சத்தத்தைக் கேட்கும் தொலைநோக்கியைக் கட்டியது. உலகம் அதற்கு என்னென்னவோ பெயர் வைத்தது. அதன் வடிவத்தைப் பார்த்த எங்களுக்கு அது வாணலி.

எங்களைத் தார்ச்சாலை ஓரத்துக்கு மாற்றினார்கள். பின்னாலேயே விஞ்ஞானிகள் வந்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்தார்கள். தெற்கே செருப்புத் தொழிற்சாலையில் கிடந்த யின்ஹுவாவின் மகன் ஆயோங் ஊர் திரும்பினான். அவள் கணவர் பான் குவாங்ஃபுவுக்கும் எனக்கும் காவல் வேலை கிடைத்தது. வாணலி எங்களுக்குச் சோறு போடவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

வாணலியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குக் கைபேசி கூடாது, கேமரா கூடாது, மின் கடிகாரம்கூடக் கூடாது. அது கேட்பது அவ்வளவு மெல்லிய சத்தம்; மின்சாரத்தில் ஓடும் எதுவும் அதன் காதில் இரைச்சல். குவாங்ஃபுவுக்கு இந்த விதி சாமி மாதிரி. சொந்த மைத்துனன் கல்யாணத்தன்று குறுக்குவழியாக மோட்டார் சைக்கிளில் வந்தபோது, அதன் மின்பொறி வாணலிக்கு இரைச்சல் என்று காவல் வாசலிலேயே இறக்கி நடக்கவிட்டவர். பட்டுக் கோட்டில் சேறு படிய மாப்பிள்ளை நடந்து போனதை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது.

இரண்டு வருஷம் முன்பு, மழை விட்ட ஒரு காலையில், நானும் அவரும் மேட்டில் ரோந்து போனோம். காலுறைக்குள் கைபேசியை ஒளித்துக்கொண்டு வந்த ஒரு பயணியைப் பிடித்து வெளியே அனுப்பியிருந்தோம். அந்தக் கைபேசி என் முதுகுப் பையில். திரும்பும்போது ஈரப் பாறையில் குவாங்ஃபு சறுக்கி, இரண்டு ஆள் ஆழப் பிளவுக்குள் விழுந்தார். நான் இறங்கிப் பார்த்தபோது முகம் வெளுத்திருந்தது. கைபேசியை எடுத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"போடாத. இப்போ வானத்தைக் கேட்டுக்கிட்டு இருக்காங்க."

"யோவ், உனக்கு உசுரு பெருசா, வாணலி பெருசா?"

"கால்தான்யா உடைஞ்சிருக்கு. நீ ஓடு. நாப்பது நிமிஷம்."

ஓடினேன். இறங்க நாற்பது நிமிஷம், ஆட்களோடு ஏற ஒரு மணி நேரம். உடைந்தது கால் மட்டுமில்லை என்று டாக்டர் பிறகு சொன்னார். உள்ளே ரத்தம் கொட்டி, நாங்கள் போய்ச் சேருவதற்குள் உயிர் போயிருந்தது. கைபேசி முழுத்தூரமும் என் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது. அங்கே கைபேசிக் கோபுரமே இல்லை, போட்டிருந்தாலும் கிடைத்திருக்காது என்று பொறியாளர்கள் சொன்னார்கள். நானும் தினம் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். மனசில் ஒட்ட மாட்டேன் என்கிறது.

யின்ஹுவாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"போடாதன்னு அவரே சொன்னாரா?"

"ஆமா அண்ணி."

"சொல்லுவாரு," என்றாள். மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

அன்றிலிருந்து அப்படித்தான். அழவில்லை, ஏசவில்லை. என் கிண்ணத்தில் கேட்டால் மிளகாய் போடுவாள், கேட்காவிட்டால் போட மாட்டாள். என்னை நாலு அறை அறைந்திருந்தால்கூட நான் தூங்கியிருப்பேன்.

அப்பாவின் வேலையை ஆயோங்குக்குக் கொடுத்தார்கள். அதே பாதை, அதே பாறை. போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை அவள். ஆனால் அவன் அந்தப் பாறையைக் கடக்கும் மத்தியானம் மூன்று மணியானால் பின்கதவில் நின்று மலையைப் பார்ப்பாள். அந்த நேரத்துக்குச் சாப்பிட வருகிறவனுக்கு நூடுல்ஸ் குழைந்துதான் வரும்.

இந்த வசந்தத்தில் தலைநகரிலிருந்து டெங் ஷுயே என்றொரு பெண் படிவத்தோடு வந்தாள். வாணலிக்குக் கொட்டிய பொதுப்பணம் ஜனங்களுக்கு எப்படித் திரும்பி வந்தது என்று அறிக்கை எழுதுகிறாளாம். ஊரே யின்ஹுவாவைக் கை காட்டியது.

"அத்தை, வருமானம் கூடியிருக்கா?"

"கூடியிருக்கு."

"பையன் ஊருக்கே வந்துட்டாரா?"

"வந்துட்டான்."

"சூப்பர் அத்தை! உங்க கதையத்தான் முதல் பக்கத்துல போடப்போறோம், போட்டோவோட. வேற ஏதாச்சும் சொல்லணுமா?"

"போனதை எழுதறதுக்கு அதுல கட்டம் இருக்கா?"

அந்தப் பெண் தாள்களைப் புரட்டினாள். "இல்லையே அத்தை."

யின்ஹுவா மிளகாய் ஜாடிக்கு அடியிலிருந்து எண்ணெய்க்கறை படிந்த ஒரு தாளை எடுத்து விரித்தாள். பூமிக்குள் ஒரு கோடு, கோட்டின் மேல் மூன்று இரும்புப் பெட்டிகள். இரண்டு வருஷமாக, தங்க வந்த விஞ்ஞானிகளிடம் ஒருவர் விடாமல், கிண்ணத்தை வைக்கும்போது, மேட்டில் விழுந்தவன் கூப்பிட வழி உண்டா என்று அவள் கேட்டிருக்கிறாள். ஏழாம் அறைக்காரர் வரைந்தே கொடுத்திருக்கிறார். தினம் அங்கேயே கொட்டிக்கொள்ளும் எனக்கு இது தெரியாது.

"கம்பித் தொலைபேசி. மண்ணுல புதைச்சு, இரும்புப் பெட்டிக்குள்ள வெச்சா வாணலிக்குக் கேக்காதாம். இதை வெக்கச் சொல்லு, என் பேரைப் போட்டுக்கோ. இல்லன்னா போடாத."

"அத்தை, நான் சும்மா கணக்கெடுக்க வந்தவ..."

"எங்கேயோ இருக்கிற நட்சத்திரம் முனகறதைக் கேக்கறாங்க. நல்ல விஷயந்தான், நான் குறை சொல்லல. என் பையன் விழுந்து கத்தினா யாரு கேப்பா?"

குரல் உயரவேயில்லை. அந்தப் பெண் பேனாவை மூடிவிட்டு, தாளை வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பெண் தாளை மேலிடம் வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். ஆகஸ்டில் குழி தோண்டினார்கள். பத்து நாள் சோதித்த பிறகுதான் பொறியாளர்கள் தலையாட்டினார்கள். ஒரு கம்பி காவல் அறைக்கு, ஒரு கிளை யின்ஹுவாவின் கடைக்கு.

முதல் நாள் மூன்று மணிக்கு நான் குழைந்த நூடுல்ஸைத் தின்றுகொண்டிருந்தேன். மணி அடித்தது. நான் கிண்ணத்தோடு எழுந்துவிட்டேன். அவள் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"அம்மா, நாந்தான். மூணாவது பெட்டி. அப்பா விழுந்த எடம்." அவன் குரல் எனக்கே கேட்டது. "நல்லா கேக்குதா?"

"வேலை நேரத்துல சும்மா கூப்பிடாத."

"சரிம்மா. வெச்சிடவா?"

"வெக்காத."

கம்பி வழியாக மலைக்காற்று கேட்டது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, அன்னிக்கு நீ ஓடி வந்தது அங்கேருந்துதானா?"

"ஆமா அண்ணி."

"எவ்வளவு கிட்ட இருக்கு," என்றாள்.

பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, காதிலிருந்து தொலைபேசியை எடுக்காமல், இரண்டு வருஷத்து அழுகையை அழுதாள். "அம்மா, அம்மா" என்று ஆயோங் அந்தப் பக்கம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.