வலது கன்னத்தில் பிளேடு: திருத்தணிக்கு ஒரு காலைப் பயணம்

வலி போனால் மொட்டை போடுகிறேன் என்று திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கொண்டு ஒன்றரை வருடம் ஆகிறது. வலி நின்று பதினாலு மாதம். பிறகு ஏன் போகவில்லை? நின்றதை நான் நம்பவில்லை, அவ்வளவுதான். வலது கன்னத்து நரம்பு வலி அது. பல் துலக்கினால், மென்றால், காற்று பட்டால் ஷாக் அடிக்கும். கன்னம் வழியாக ஊசி விட்டு நரம்பைச் சுட்ட டாக்டரே, "திரும்ப வராதுன்னு சொல்ல முடியாது" என்றுதான் அனுப்பினார். என் மனைவி அமுதாவோ, "அதெல்லாம் போயிடுச்சு, நீங்கதான் மனசுல வச்சிகினு இருக்கீங்க" என்பாள். போன புதன்கிழமை என்னை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அரக்கோணத்தில் 6.50 ரயில். 13 கிலோமீட்டர், இருபது நிமிடம், டிக்கெட் பத்து ரூபாய். ஜன்னலோரம் காலியாக இருந்தும் உட்காரவில்லை. காற்றை நான் நம்புவதில்லை. ஸ்டேஷனிலிருந்து மலைமேல் வரை ஆட்டோ 150 ரூபாய்.

"மேல ஜில்லுனு காத்து வரும் சார்" என்றார் டிரைவர், சந்தோஷமாக. நான் துண்டால் கன்னத்தை மூடிக்கொண்டேன்.

மொட்டைக்குக் கட்டணம் இல்லை, சீட்டு மட்டும் வாங்க வேண்டும். புது பிளேடை என் கண்முன்னே பிரிக்கச் சொன்னேன். தலையை முடித்துத் தாடிக்கு வந்த முடி எடுப்பவர் கையை நிறுத்தினார்.

"இன்னா சார், இந்தப் பக்கம் மட்டும் கத்திரிச்சிகினு இருக்கீங்க?"

பிடிபட்டுவிட்டேன். குணமாகிவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னவன், வலது கன்னத்தில் இன்னும் பிளேடு வைத்ததே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, "வைங்க" என்றேன்.

வாயோரம் சுரீர் என்றது. வந்துவிட்டது! மறுபடியும் கஞ்சியும் மாத்திரையும்தானா? கண்ணைத் திறந்தால் எதிரே அமுதா, ஒரு கையில் என் பழைய மாத்திரை, மறு கையில் தண்ணீர் பாட்டில்.

"சின்னக் கீறல்தாங்க" என்றார் முடி எடுப்பவர். தொட்டுப் பார்த்தேன், ரத்தம். ஷாக் இல்லை, எல்லோருக்கும் வருகிற வெறும் எரிச்சல். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இதே சிகிச்சை செய்துகொண்டவர்கள் வந்தால், எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள். கூட்டத்தில் முகத்தில் இடிபட வேண்டாம். டாக்டர் எழுதிய மாத்திரை கையில் இருக்கட்டும். கன்னம் மறுபடி சுண்டினால் மறைக்காமல் அவரிடம் போய்ச் சொல்லுங்கள். நான் என் பயத்தைக்கூட அவரிடம் சொல்லாமல் மறைத்துக்கொண்டிருந்தேன்.

படியிறங்கும்போது அமுதாவிடம் கேட்டேன், "எப்பலேர்ந்து இந்த மாத்திரையைப் பையில வச்சிகினு இருக்கே?"

"ஊசி போட்ட அன்னிலேர்ந்து."

"அப்ப போயிடுச்சுன்னு சொன்னதெல்லாம்?"

"ரெண்டு பேரும் பயந்துகினு இருந்தா, உங்களுக்கு யாரு தைரியம் சொல்றது?"