மஞ்சள் வைத்த சீடி

தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக நின்ற எங்கள் லயத்து வீடுகளில் கம்ப்யூட்டர் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். கொழும்பில் துணிக்கடையொன்றில் வேலை செய்த மாமா, முதலாளி கழித்துப் போட்டதை அட்டைப்பெட்டியில் கட்டி ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்குத் தூக்கி வந்திருந்தார். மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. கம்ப்யூட்டர் பெயருக்குத்தான் எல்லோருடையதும். அண்ணன் எழுந்தால்தானே மற்றவர்கள் உட்கார.

அந்த வருடம் அண்ணனும் அவன் கூட்டாளிகளும் இன்னும் வெளிவராத ஒரு விளையாட்டுக்காகத் தவம் கிடந்தார்கள். வாளோடு ஊர் ஊராகத் திரியும் ஒருவனாக நாமே மாறி, அவன் நல்லவனா கெட்டவனா என்பதையும் நாமே தீர்மானிக்கலாமாம். மாமா அனுப்பிய பத்திரிகையில் படங்கள் வந்திருந்தன. குளத்தில் மலை தலைகீழாகத் தெரியும், புல் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடும் என்று அண்ணன் வாசித்துக் காட்டினான். ஜன்னலுக்கு வெளியே அதெல்லாம் சும்மாவே நடந்துகொண்டிருந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் கிழட்டு மெஷின் இதைத் தாங்குமா என்பதுதான் அவர்களுக்குள் சண்டை. விளையாட்டில் விழும் நிழலையெல்லாம் நிறுத்திவிட்டால் ஓடும் என்றான் அண்ணன். நிழல் இல்லாவிட்டால் அது மனுசன் இல்லை, பேய் என்றேன். தலையில் குட்டு விழுந்தது.

இன்னொரு வில்லங்கமும் இருந்தது. பதுளை டவுனில் விற்பதெல்லாம் ஒரிஜினலைப் பார்த்து அடித்த கள்ளக் கொப்பி. இந்த விளையாட்டுக்கோ பூட்டுப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரிஜினல் சீடியை உள்ளே போட்டால்தான் திறக்கும். கொப்பி என்றால் கண்டுபிடித்துத் துப்பிவிடும். விளையாட்டு வெளிவந்ததும் அண்ணன் டவுனுக்குப் போய் மாமாவுக்கு ஃபோன் போட்டுக் கெஞ்சினான். தீபாவளிக்கு வரும்போது கொண்டுவருவதாக மாமா சொன்னார்.

தீபாவளிக்கு முதல் நாள் வரவேண்டியவர் வரவில்லை. புதுத்துணியும் அவரோடுதான் வரவேண்டும் என்பதால் மறுநாள் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் பழையதையே போட்டுக்கொண்டோம். அம்மா அடுப்பை விட்டுவிட்டு ரோட்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். சீடி விற்றுத் தீர்ந்திருக்குமோ என்று நாங்களும் கவலைப்பட்டோம்.

மத்தியானம் மாமா வந்து சேர்ந்தார், கசங்கிப்போன சட்டையோடு. அது வடக்கில் ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை நடந்த காலம். வழியில் செக் பொயிண்டில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி இவரை மட்டும் இறக்கிவிட்டார்களாம். அடையாள அட்டையை ஏதோ பதிவுக்கென்று முதலாளி வாங்கி வைத்திருந்தார்; மாமாவின் கையில் இருந்தது அதன் போட்டோக்கொப்பி. ராத்திரி முழுக்க பெஞ்சில் உட்காரவைத்து, விடிந்தபின் முதலாளி ஃபோனில் பேசிய பிறகுதான் விட்டிருக்கிறார்கள்.

“ஒங்க கேம் மாதிரித்தான் மருமகனே,” என்றார் மாமா. “கொப்பி செல்லாதாம். ஒரிஜினல்தான் வேணுமாம்.”

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். மாமாவும் சிரித்தார். அம்மா மட்டும் துணிகளையும் சீடியையும் வாரிக்கொண்டு சாமி படத்தடிக்குப் போனார்.

தீபாவளிக்குப் புதுசாக எது வந்தாலும் மஞ்சள் வைக்காமல் கையில் கொடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அம்மா சட்டைக்கு வைத்தார், என் பாவாடைக்கு வைத்தார். பிறகு சீடியை வெளியே எடுத்து, பளபளக்கிற பக்கமாகப் பார்த்து, குழைத்த மஞ்சளில் தாராளமாக ஒரு பொட்டு. அண்ணன் போட்ட சத்தத்தில் பதறிப்போய், குத்துவிளக்கு துலக்குகிற சாம்பலைத் தொட்டுத் தேய்த்துத் துடைத்தும் கொடுத்தார். கம்ப்யூட்டர் அதை வாங்கிக் கொஞ்ச நேரம் உறுமிவிட்டு, ஒரிஜினல் சீடியைப் போடச் சொன்னது.

அண்ணன் அழுதான். சாப்பிட மாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்கும் அம்மா மேல் கோபம்தான். அம்மாவோ அவனைச் சமாதானப்படுத்தக்கூட இல்லை. மாமாவுக்குச் சோறு போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிண்ணத்தில் மிச்சமிருந்த மஞ்சளைத் தொட்டு மாமாவின் சட்டைக் காலரில் வைத்தார்.

அது பெஞ்சில் கிடந்து கசங்கிய அதே சட்டை. பழசுக்குப் போய் யாராவது மஞ்சள் வைப்பார்களா என்று கேட்டு, நான் மறுபடியும் சிரித்தேன்.