கடத்தல் படித்தவள்

எங்கள் பாடப்புத்தகத் தமிழில் அதற்குக் கடத்திப் புரதம் என்று பெயர். உயிர்க்கலத்தைச் சுற்றியிருக்கும் மென்சவ்வில் பதிந்திருந்து, பொருட்களை உள்ளே வெளியே கொண்டுபோவதால் வந்த பெயர். ஒரு கிருமியிடம் இருக்கும் அப்படியான ஒரேயொரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடிப்பதற்காக நான் வெளிநாட்டில் பல வருடங்கள் இருந்தேன். அந்தக் காலம் முழுவதும் அம்மா ஊரில், "மகள் அங்க கடத்தல் படிக்கா" என்று சொல்லி வந்திருக்கிறார். ஆள் கடத்தல்களைக் கண்ட எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லைக் கேட்டபிறகு யாரும் மேற்கொண்டு விசாரிப்பதில்லை. என் படிப்பைப் பற்றி ஊர் கடைப்பிடித்த மௌனத்தை மரியாதை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பட்டத்தோடு திரும்பி, வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்ததும் மௌனம் கலைந்தது. கலைத்தவர் மாமா. அம்மாவின் தம்பி, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயருக்கு முன்னால் 'கலாநிதி', அதாவது ஆங்கிலத்தில் 'டொக்டர்', போட்டுக்கொள்ளலாம் என்று தெரிந்த நாளிலிருந்து என்னை டொக்டர் என்றே கூப்பிட்டார், அதுவும் நாலு பேர் நிற்கும் இடமாகப் பார்த்து.

ஒரு கல்யாண வீட்டில், காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கும், அண்ணன் முறையில் நாங்கள் காக்கா என்று அழைக்கும் தன் நண்பரை என்னிடம் கூட்டி வந்தார். அவர் வயிற்றைத் தடவிக்கொண்டே எரிவைப் பற்றிச் சொன்னார்.

"காக்கா, நான் மருந்து தாற டொக்டர் இல்ல."

"அப்ப எந்த வருத்தத்துக்குத் தங்கச்சி?"

"வருத்தத்துக்கு இல்ல. கிருமி எப்படி மருந்த வெளிய தள்ளுது எண்டு பாக்கிறது."

அவர் வயிற்றிலிருந்து கையை எடுத்தார். "அப்ப நீங்க கிருமிர பக்கமா?"

பதில் சொல்வதற்குள் பிரியாணி வந்துவிட்டது.

அடுத்த மழைக்காலத்தில் மாமா வாவிக்கரையில் தூண்டில் போடப் போய், மட்டி ஓட்டில் காலைக் கிழித்துக்கொண்டார். அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு நோய், இருந்தது. முன்னொரு காய்ச்சலுக்குக் கொடுத்து மிஞ்சிய மாத்திரைகளை யாரிடமும் சொல்லாமல் விழுங்கினார். கால் வீங்கிக் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போக ஒத்துக்கொண்டார். அங்கே ஏற்றிய மருந்துக்கும் காய்ச்சல் விடவில்லை. புண்ணிலிருந்து எடுத்ததைச் சோதித்து முடிவு வந்தபோது, வாட்டுக்குப் பொறுப்பான இளம் பெண் வைத்தியர் கிருமியின் பெயரைச் சொன்னார். நான் படித்த அதே கிருமி.

"கொடுக்கிற மருந்தெல்லாத்தையும் வெளிய தள்ளுது போல கிடக்கு," என்றார் அவர். பிறகு தயங்கி, "மிஸ் இதுலதானாமே ஆராய்ச்சி?"

"ஓம்."

"அப்ப எதக் குடுத்தா நல்லம்?"

அந்தப் புரதத்தை உறைபனியில் பதித்து, கணக்கில்லாத படங்கள் எடுத்து, அதன் ஒவ்வொரு மடிப்பையும் வரைந்தவள் நான். கண்ணை மூடிக்கொண்டும் என்னால் வரைய முடியும். எதைக் கொடுப்பது என்று மட்டும் தெரியவில்லை. "நீங்கதான் சொல்ல வேணும் டொக்டர்," என்றேன். அந்த ஒரு வார்த்தை அன்று உரியவரிடம் போய்ச் சேர்ந்தது.

மாமாவோ காய்ச்சலிலும் பெருமையாகக் கிடந்தார். பக்கத்துக் கட்டில்காரரிடம், "எங்கட புள்ள படிச்ச கிருமிதான் எனக்கு வந்திருக்கு," என்றார். பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"அது எப்படித்தான் தள்ளுது, சொல்லு பாப்பம்."

சொன்னேன். ஒரே மாதிரி மூன்று துண்டுகள் சேர்ந்து நிற்கும். ஒன்று மருந்துக்கு வழிவிடும்போது, இன்னொன்று அதைக் கவ்விப் பிடித்திருக்கும், மூன்றாவது வெளியே துப்பும். பிறகு முறை மாறும். எந்த மருந்து என்றெல்லாம் பெரிதாகப் பார்க்காது.

"டிக்கட் கேக்காமலே இறக்குதா?" மாமாவுக்குக் கோபம் வந்தது. "அதத் தெரிஞ்சிக்கிட்டு மறுகா ஏன் சும்மா நிக்காய்? அந்த வாசல அடைச்சு விடு."

"ஏலாது மாமா. அடைக்கிற மருந்த இன்னும் ஆரும் கண்டுபிடிக்கல."

அவர் போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தார். "காலை எடுப்பாங்களா புள்ள?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அத்தனை வருடப் படிப்புக்குப் பிறகு அந்த வாட்டில் பயன்பட்டது என் கை மட்டும்தான். அதற்குப் பட்டம் தேவையில்லை.

வைத்தியர் ஒரு பழைய ஊசி மருந்தைத் தேர்ந்தெடுத்தார். சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது என்று எல்லோரும் ஒதுக்கி வைத்திருந்த மருந்து. இரத்தத்தைச் சோதித்துச் சோதித்து ஏற்றினார்கள். ஒரு கால்விரலை எடுக்க வேண்டியிருந்தது. கால் தப்பியது. காய்ச்சல் விட்ட காலையில் மாமா, பிட்டுக்கு ஏன் சீனி தரவில்லை என்று தாதியோடு சண்டை பிடித்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் வராந்தாவில் நின்று அழுதேன்.

வீட்டுக்கு வந்த பிறகு, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் தன்னைக் காப்பாற்றியது நான்தான் என்று சொன்னார். மறுத்துப் பார்த்தேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் அதே புரதத்தைக் கரும்பலகையில் வரைந்தேன். கறுத்து வீங்கிய ஒரு காலைப் பற்றியும், அதற்குள் இந்த மூன்று துண்டுகள் செய்த வேலையைப் பற்றியும் சொல்லத் தொடங்கினேன். முன்வரிசையில் ஒரு மாணவி கையை உயர்த்தினாள்.

"மிஸ், இது சோதினைக்கு வருமா?"

"வரும்," என்றேன்.

எல்லோரும் குனிந்து எழுதத் தொடங்கினார்கள்.