நடக்காத கூட்டத்துக்கு வராதவர்

1. புத்தகம் வீட்டுக்குப் போகும்

பஞ்சாயத்து கிளார்க்காக நான் சேர்ந்த முதல் நாள், எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் மேசைமேல் ரப்பர் ஸ்டாம்பையும் கூட்ட நடவடிக்கை எழுதுகிற மினிட் புத்தகத்தையும் வைத்தார்.

"கூட்டம்னா மெம்பருங்க வருவாங்கன்னு உக்காந்துகினு இருக்காதப்பா. நீ புத்தகத்த எடுத்துகினு அவங்க ஊட்டுக்குப் போ. அதான் கூட்டம்" என்றார்.

நல்ல மனிதர். கடைசிவரை ஒரு ஆடிட் ஆட்சேபணைகூட வாங்காதவர். அதே பேரை நானும் வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வாங்கியும் விட்டேன்.

எங்கள் பஞ்சாயத்து ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகிற ரோட்டில் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகி ஓரிரு வருடம் ஆகியிருந்த சமயம். பாதி ஊர் விவசாயக் குடும்பங்கள். மீதிப் பேர் தொழிற்பேட்டை வேலைக்கு எங்கெங்கிருந்தோ வந்து வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்கள். தலைவரும் நான்கு வார்டு மெம்பர்களும் சேர்ந்தது கல்விக் குழு. ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு என்ன வேண்டும் என்று பார்த்து மேலே எழுதுவது அவர்கள் பொறுப்பு. பஞ்சாயத்துக் கூட்டம், கல்விக் குழுக் கூட்டம் இரண்டையும் ஒரே நாள் காலை பதினொரு மணிக்கு வைப்போம். வந்தவருக்கு அமர்வுப்படி ஐம்பது ரூபாய்.

அந்த நேரத்தில் ஒரு மெம்பர் தக்காளி மண்டியில் இருப்பார். இன்னொரு மெம்பர் அம்மாவுக்கு அவர் வீட்டுக்காரரே கையெழுத்துப் போட்டுவிடுவார், அதுவும் அந்த அம்மாவைவிட அழகாக. தலைவர் முனிராஜுக்கு நிலம், பத்திர ஆபீஸ் என்று ஆயிரம் ஜோலி. நான் மொபெட்டில் வீடு வீடாகப் போய் மத்தியானச் சாப்பாட்டுக்குள் கூட்டத்தை முடித்துவிடுவேன்.

2. கையெழுத்துப் போடாத மெம்பர்

லைன் வீட்டு வார்டில் ஜெயித்து வந்தவர் செல்வராணி. சிவகாசிப் பக்கத்துக்காரர். ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் லேபர். அவர் வார்டிலிருந்த பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புக்கும் ஒரே டீச்சர். அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளிக்கூடத்துக்கே லீவு.

அவர் மெம்பரான முதல் மாதம் வழக்கம்போல் புத்தகத்தை நீட்டினேன். செல்வராணி ஒரு பக்கம் விடாமல் படித்தார்.

"இந்தக் கூட்டம் எப்பண்ணே நடந்துச்சு?"

"இப்பத்தாம்மா நடக்குது. இங்க ஒரு கையெழுத்துப் போடு, ஐம்பது ரூபா வந்துரும்."

"நடக்காத கூட்டத்துக்கு எப்படிண்ணே கையெழுத்துப் போடுவேன்? ரெண்டாவது டீச்சர் வாங்கணும்னுதான் நான் எலெக்‌ஷன்ல நின்னேன். கூட்டத்த வைங்க, வாரேன்."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. இருந்தாலும் தலைவரிடம் சொன்னேன். புதுசில் அப்படித்தான் துள்ளுவார்கள் என்று சிரித்தார், ஆனால் கூட்டம் வைத்தார். தொடர்ந்து மூன்று மாதம் நிஜமாகவே கூட்டம் நடந்தது. செல்வராணி கம்பெனி யூனிஃபார்மோடு வருவார். மூன்று கூட்டத்திலும் டீச்சர் விஷயத்தைப் பேசினார். மூன்று தீர்மானம் எழுதினேன். என் சர்வீஸில் நிஜமாகப் பேசியதை நான் எழுதியது அந்த மூன்று மாதம்தான்.

மூன்றாவது கூட்டத்தில் அவர் முகமே சரியில்லை.

"ஒரு நா லீவு போட்டா அன்னைக்குச் சம்பளம் போகுது. லீவே போடாதவகளுக்குக் குடுக்குற காசும் போகுது. இன்னொரு தடவ லீவுன்னு வந்து நிக்காதன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. ஞாயித்துக்கிழமை வைக்கலாமா தலைவரே?"

"ஞாயித்துக்கெழம கல்யாணம், காது குத்துன்னு போவணும். ஆபீசருங்களும் வர மாட்டாங்க. அதெல்லாம் ஆவாதும்மா."

"அப்ப இந்தப் படிய ஒரு நா கூலி அளவுக்காவது ஏத்தச் சொல்லி எழுதுங்க. கூலிக்குப் போறவ எப்படி வந்து உக்காருறது?"

"ஊருக்குச் சேவை செய்ய வந்துட்டுக் கூலி கேக்கறியேம்மா."

"உங்களுக்கு நெலம் இருக்கு, சேவை செய்வீக. நான் சேவை செஞ்சா எங்க வீட்டுல அடுப்பு எரியாது."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் படி உயர்வுக்குத் தக்காளி மெம்பர்தான் முதலில் கையெழுத்துப் போட்டார். "அந்தம்மா சொல்றது கரெக்டுதானுங்க. எனக்கும் மண்டி யாவாரம் போவுது" என்றார். அமர்வுப்படியை உயர்த்தக் கோரும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நான் காரணங்களை விளக்கி, நல்ல தாளில் எழுதி, ஒன்றிய அலுவலகம் வழியாக மேலே அனுப்பினேன். நம்பிக்கையோடுதான் அனுப்பினேன்.

3. ஒரு விவரம் கேட்டார்கள்

அதற்குப் பிறகு செல்வராணியால் வர முடியவில்லை. அவர் வராததும் கூட்டம் பழையபடி என் மொபெட்டில் ஏறிக்கொண்டது. படி உயரும்வரை ஒப்புக்காவது கையெழுத்துப் போடும்மா என்று நான் கெஞ்சியும் பார்த்தேன்.

"நான் வரல. வரலன்னே எழுதுங்கண்ணே" என்றார்.

அவர் பேருக்கு நேராகச் சிவப்பு மையில் 'வரவில்லை' என்று எழுதினேன். ஆறு மாதம், ஆறு தடவை.

மேலிருந்து ஒரு கடிதம் வந்தது. படி உயர்வுக் கோரிக்கையைப் பரிசீலிக்க, உறுப்பினர்களின் வருகை விவரத்தை மினிட் புத்தகத்தில் உள்ளபடி சான்றளித்து அனுப்பவும் என்று இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். விவரம் கேட்கிறார்கள் என்றால் ஃபைல் நகர்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, புத்தகத்தில் இருந்ததை அப்படியே இறக்கி, ஸ்டாம்ப் குத்தி, நானும் கையெழுத்துப் போட்டு, தலைவரிடமும் வாங்கி அனுப்பிவிட்டேன். என்ன எழுதுகிறோம் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. அவ்வளவு பெரிய முட்டாள் நான்.

பதிலில் இரண்டே பத்திதான். தற்போதைய படியிலேயே உறுப்பினர்கள் ஏறக்குறைய அனைவரும் எல்லாக் கூட்டங்களுக்கும் தவறாமல் வருவதால், உயர்வுக்கு அவசியம் எழவில்லை என்றது முதல் பத்தி. தொடர்ந்து கூட்டங்களுக்கு வராத ஒரே உறுப்பினரான செல்வராணியின் பதவி குறித்து விதிப்படி மேல்நடவடிக்கை எடுக்கவும் என்றது இரண்டாவது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு தலைவரிடம் ஓடினேன். அவர் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"உள்ளதச் சொன்னா என்னா ஆவும் தெரியுமாப்பா? எனக்குச் செக்குல கையெழுத்துப் போடற பவர் போவும். உனக்கு வேலையே போவும். கம்முனு இரு."

கம்மென்று இருந்தேன். செல்வராணிக்கான பதவி நீக்க நோட்டீஸையும் நானே டைப் அடித்தேன்.

4. ஒரு வரி

நோட்டீஸ் கிடைத்ததும் செல்வராணி ஆபீசுக்கு வந்தார். அன்றைக்கும் லீவு போட்டுத்தான் வந்திருந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் எதிரில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அந்த ஆறு கூட்டமும் நடக்கலன்னு ஒரு வரி எழுதிக் குடுங்கண்ணே. நான் கலெக்டர் ஆபீஸ்ல குடுத்துக்கிறேன். எனக்குப் பதவி பெருசில்ல. ஆனா இப்ப நான் போயிட்டா டீச்சர் வேணும்னு கேக்க ஒரு ஆளு கிடையாது."

"எழுதினா என் வேலை போயிடுமேம்மா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார்.

"ஆமாண்ணே. வேலை போனா கஷ்டந்தான். எனக்குத் தெரியாதா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அதில் குத்தல் இல்லை. நிஜமாகவே என் கஷ்டத்தை நினைத்துத்தான் சொன்னார். அவர் என்னைத் திட்டியிருந்தால் இத்தனை வருடத்தில் நானும் பதிலுக்கு ஏதாவது சமாதானம் கண்டுபிடித்திருப்பேன். இதற்கு என்ன சமாதானம் சொல்வது?

செல்வராணியின் பதவி போனது. அந்த வார்டுக்கு இடைத்தேர்தலில் ஒருவர் போட்டியில்லாமல் வந்தார். நடுநிசியில் எழுப்பிக் கேட்டாலும் கையெழுத்துப் போடுகிறவர். மூன்று தீர்மானங்களைப் பற்றி அதன்பிறகு யாரும் கேட்கவில்லை. இரண்டாவது டீச்சர் வரவே இல்லை. இருந்த டீச்சரும் மாற்றலாகிப் போக, லைன் வீட்டுக்காரர்கள் கடன் வாங்கிப் பிள்ளைகளைப் பிரைவேட் ஸ்கூலில் சேர்த்தார்கள். முடியாதவர்கள் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டார்கள். செல்வராணி குடும்பம் ஊரையே காலி செய்துகொண்டு போய்விட்டது. அமர்வுப்படி ஒருநாள் உயரத்தான் செய்தது. அதனால் ஒரு கூலிக்காரராவது லீவு போட்டுக் கூட்டத்துக்கு வந்ததை நான் பார்க்கவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்கிறார்கள். நான் கற்றுக்கொண்டது இதுதான்: ஒரு பொய்யான வருகைப் பதிவால் யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைக்காதீர்கள். உண்மையைச் சொன்ன ஒரே ஆளுக்கு எதிராக அது சாட்சியாகப் போய் நிற்கும். அந்தச் சாட்சியில் உங்கள் கையெழுத்துதான் இருக்கும்.

அவர் கேட்ட வரியை இப்போது எழுதுகிறேன். அந்த ஆறு கூட்டமும் நடக்கவில்லை. ரிட்டயர் ஆகிவிட்டேன், இனி என் வேலை போகாது. இதை யாரிடம் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.