ஆலங்கட்டி விழுந்த மத்தியானம்

எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வானத்தை நம்பித் துணி உலர்த்த முடியாது. காலையில் கண் கூசும் வெயில். மத்தியானத்துக்குள் கிழக்கே மலைப்பக்கம் ஒரு வெள்ளை மேகம் பால் பொங்குவது போல எழும்பும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்துப்போய் எங்கள் வீட்டு வரிசைமேல் கொட்டித் தீர்க்கும். அடுத்த தெருவில் புழுதி பறந்துகொண்டிருக்கும். அந்த வானத்தோடும் துணிந்து வம்பு வளர்த்தவள் என் அத்தை.

அப்பாவின் அக்கா அவள். காப்பார் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பல வருஷம் மரம் சீவியவள். மழை வந்தால் பால் கரைந்து ஓடிவிடும் என்பதால், அண்ணாந்து பார்த்தே அவளுக்குக் கழுத்து பழகியிருந்தது. மாமா இறந்தபிறகு எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டாள். அவள் “எடுங்கடி” என்று குரல் கொடுத்தால், வரிசைப் பெண்கள் எல்லாரும் கொடியிலிருந்து துணியை உருவிக்கொண்டு ஓடுவார்கள். பெரும்பாலும் மழை வரும். வராத நாட்களில் அத்தை வானத்தைத் திட்டுவாள். தன்மேல் தப்பு இருப்பதாக ஒருநாளும் சொன்னதில்லை.

ஒருமுறை என் தம்பிக்குக் காய்ச்சல். நடக்கக்கூட ஆரம்பிக்காத குழந்தை. உடம்பு அடுப்புக்கல் மாதிரி கொதித்தது. காலையில் வந்து பார்த்த ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் கொய்னா மருந்தைக் கொடுத்துவிட்டு, “தலையில ஐஸ் வச்சுக்கிட்டே இருங்கம்மா. சூடு ஏறிச்சுன்னா வலிப்பு வந்துரும்” என்றார். ஐஸ் வாங்க டவுனுக்குப் போகவேண்டும். அப்பா சாலாக் செலாத்தான் ஸ்டேஷனில் வேலைக்குப் போயிருந்தார்.

அத்தை வாசலில் நின்று மேலே பார்த்தாள். “சாயங்காலம் வரைக்கும் மழை இல்ல. கஞ்சி வச்சுக் குடுத்துட்டு நானே போயிட்டு வரேன் புள்ள” என்றாள் அம்மாவிடம்.

கஞ்சி கொதிப்பதற்குள் வீடு இருட்டிவிட்டது. எட்டிப் பார்த்தேன். மலைப்பக்கத்து மேகம் எங்கள் தலைக்கே வந்திருந்தது. உச்சி பட்டறைக்கல் மாதிரித் தட்டையாக விரிந்து, அடிவயிறு பச்சையும் கறுப்புமாக இருந்தது. அப்படியொரு நிறத்தை அதற்குமுன் நான் வானத்தில் கண்டதில்லை. காற்று ஒருமுறை சுழற்றி அடித்தது. அவ்வளவுதான், எதிர்வீடு மழையில் மறைந்துபோயிற்று. அத்தை குடையோடு படியிறங்கினாள். காற்றில் குடை உள்வெளியாகப் புரண்டுகொண்டது. தெருவில் முழங்கால் தண்ணீர்; அத்தை திரும்பிப் படியேறிவிட்டாள்.

உள்ளே தம்பியின் கண்கள் மேலே செருகின. அம்மா அலறினாள்.

அப்போதுதான் சமையலறைத் தகரக் கூரையில் யாரோ கல்லெறிவது போலச் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, பிறகு எண்ண முடியவில்லை. கொல்லைப்புறத்தில் புல்லெல்லாம் வெள்ளைக் கற்கள் துள்ளின. அம்மாவும் நானும் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். அத்தை மட்டும் குனிந்து, உருண்டு வந்த ஒன்றை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

“அடி, ஐஸுடி!”

முறத்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, குண்டானோடு மழைக்குள் பாய்ந்தாள். அம்மா, “அண்ணி, மண்டை உடைஞ்சிரும், உள்ள வாங்க!” என்று கத்தினாள். கற்கள் முறத்தைப் பிய்த்தன. முறத்தை வீசிவிட்டு இரண்டு கையாலும் அள்ளினாள். திரும்பி வந்தபோது நெற்றி புடைத்து, விரல்களில் ரத்தம்.

“வானத்துக் கல்லு அண்ணி, பச்சப் பிள்ளைக்கு ஆகுமா?” என்றாள் அம்மா.

“டவுன்ல விக்கிறவன் மட்டும் எங்க இருந்து கொண்டாரானாம்? துண்டக் குடு.”

துண்டில் முடிந்து தம்பியின் நெற்றியில் வைத்தாள். கரையக் கரைய மாற்றினாள். ஒரு கல்லைப் பாக்குவெட்டியால் பிளந்து எனக்குக் காட்டினாள். உள்ளே வெங்காயம் போல வளையங்கள்: ஒன்று பால் நிறம், அடுத்தது கண்ணாடி. மழைத்துளியை மேகத்துக்குள் வீசும் காற்று உயரே தூக்கிக்கொண்டு போய் உறையவைக்கிறது, சுமக்க முடியாத கனம் வரும்வரை அதன்மேல் பனி ஏற்றிக்கொண்டே இருக்கிறது என்று பின்னாளில் பள்ளிக்கூடத்தில் படித்தேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அத்தை கேட்டாள், வானம் கொடுத்தது என்பதுதான்.

மழை விட்டபோது தம்பிக்கு வியர்த்தது. கண்ணைத் திறந்து பாலுக்கு அழுதான். சாயங்காலம் வந்த டிரெஸ்ஸர், “ஐஸ் எப்படிக் கிடைச்சுச்சு?” என்று கேட்டதற்கு அத்தை கூரையைக் காட்டினாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அப்பா காய்ந்த குடையோடு வந்தார். “சாலாக் செலாத்தான்ல வெயில் மண்டையப் பிளந்துச்சு. இங்க கல்லு விழுந்துச்சா?” என்று சிரித்தார். நான் சாட்சிக்காகப் பிஸ்கட் டின்னில் ஒளித்துவைத்திருந்ததை ஓடிப்போய்த் திறந்தேன். தண்ணீரில் ஒரு புல் மிதந்தது.

இன்னும் ஒன்று இருக்குமா என்று கொல்லைக்கு ஓடினேன். அத்தை தனியாக உட்கார்ந்திருந்தாள். குண்டானில் மிஞ்சிய கடைசிக் கல் அவள் உள்ளங்கையில் இருந்தது. நான் கை நீட்டினேன். எதைக் கேட்டாலும் கொடுக்கிறவள், அன்று விரல்களை மடக்கிக்கொண்டாள். மூடிய கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. “இத்தனூண்டுதான்...” என்றாள், என்னைப் பார்க்காமல்.

அத்தைக்கும் ஒரு மகன் இருந்தான் என்றும், தோட்டத்தில் இதேபோல ஒரு காய்ச்சலில், டவுனும் ஐஸும் எட்டாத தூரத்தில் அவனை இழந்தாள் என்றும் அம்மா எனக்குச் சொன்னது நான் கல்யாணமாகிப் போன பிறகு. அன்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கல்லைத் தராத கோபத்தில், இனி உன் பக்கத்தில் படுக்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.